உரிபூச்சா, உரிப்பூச்சா? சக்கரத்து ரப்பர் பூச்சுக்கு ஒரு சொல்

மடல் 1 – கோவை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அலாய் வீல் மேல் ஸ்பிரே கேனால் அடித்து, வேண்டாம் என்றால் தோல் மாதிரி உரித்து எடுத்துவிடுகிற ரப்பர் பூச்சுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். செய்முறைக் கையேடு ஒன்றுக்காகக் கேட்கிறேன். பட்டறையில் 'டிப்' என்கிறார்கள், சிலர் 'ரப்பர் பெயிண்ட்' என்கிறார்கள். இரண்டாவது பெயர் ஆளைக் குழப்பும். மொட்டை மாடி ஒழுகலுக்கு அடிக்கிற ரப்பர் பெயிண்டும் அதே பெயரில்தான் கடையில் இருக்கிறது. அதை ரிம்மில் அடித்துவிட்டு உரிக்கப் பார்த்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

'டிப்' வந்த வழி வேறு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1972இல் தொடங்கிய பிளாஸ்டி டிப் நிறுவனத்தின் சரக்கு முதலில் குறடு, இடுக்கி போன்றவற்றின் கைப்பிடியை முக்கி எடுப்பதற்கானது. கேனில் வந்த பிறகு யாரும் முக்குவதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே 'முக்குபூச்சு' சரிவராது. நான் முன்வைப்பது: உரிபூச்சு.

சொல்லை எடைபோட வசதியாகப் பொருளின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பொருளைக் கலந்து இறுகவைக்கும் டூ-கே பெயிண்ட் போல இதில் வேதிவினை ஏதும் இல்லை. கரைப்பான் ஆவியாகிப் போக, ரப்பர் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். அதனால் அடுத்த கோட்டில் (ஒரு தடவை அடிப்பது ஒரு கோட்டு) உள்ள கரைப்பான் முந்தைய கோட்டின் மேற்பரப்பைக் கரைத்து அதோடு கலந்துவிடும். ஐந்து கோட்டு அடித்தால் ஐந்து அடுக்கு கிடையாது, ஒரே தோல். அந்தத் தோல் தனக்குள் பிணைந்திருக்கும் வலு, ரிம்மைப் பற்றியிருக்கும் வலுவைவிட அதிகமாக இருக்கும்வரை முழுசாக உரியும். மெல்லிசாக அடித்துவிட்டால் கணக்கு தலைகீழாகி, நகத்தளவு துண்டுகளாக நாள் முழுக்கப் பிய்க்க வேண்டியதுதான். காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து இரண்டு கோட்டோடு நிறுத்துகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அளவு: 311 கிராம் கேன், 15–16 அங்குலச் சக்கரம் ஒன்றுக்கு ஒன்று வீதம் நான்கு. ஆரைக்கால் (ஸ்போக்) நிறைய உள்ள 17, 18 அங்குல ரிம் என்றால் ஐந்தாவது கேனும் கைவசம் இருக்கட்டும்.

மடல் 2 – திருநெல்வேலி

ஐயா, வணக்கம்.

> நான் முன்வைப்பது: உரிபூச்சு.

எனக்கு இதில் ஒரு நெருடல். உரி என்ற வினை இரண்டு பக்கமும் போகும். உரிந்தது என்றால் தானாக வந்தது, உரித்தது என்றால் ஒருவர் செய்தது. 'சுவத்துல பெயிண்ட் உரியுது' என்று சொல்வது குறையைத்தான். கையேட்டைப் புரட்டுகிறவர் உரிபூச்சு என்று பார்த்ததும், 'உரிஞ்சு போற பூச்சை எதுக்குய்யா அடிக்கணும்?' என்று மூடிவைத்துவிடுவார். பொருளின் சிறப்புக்கும் அதன் முதல் நோய்க்கும் ஒரே சொல் ஆகாது.

அந்த நோய் எப்படி வருகிறது என்பதையும் எழுதுகிறேன், சொல் தேட உதவும். பூச்சு நடுவில் கெடுவது அபூர்வம். கெடுவதெல்லாம் விளிம்பில் தொடங்கும். மாஸ்கிங் டேப்பை நன்றாகக் காயவிட்டு இழுத்தால், டேப் மேல் இருக்கும் தோலும் ரிம் மேல் இருக்கும் தோலும் ஒன்றாகிவிட்டிருக்கும். டேப்போடு ரிம்மின் விளிம்பும் கிளம்பி, பல்வரிசை போல நிற்கும். அந்தப் பல்லுக்குள் தண்ணீர் புகுந்தால், அடுத்த வாட்டர் சர்வீஸில் ஜெட் அடித்ததும் உள்ளங்கை அகலம் பறந்துவிடும். கடைசிக் கோட்டின் ஈரம் காயும் முன்னே டேப்பை, வெளிப்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக இழுத்துவிட வேண்டும். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டேப் ஒட்டவே வேண்டாம். பழைய சீட்டுக்கட்டை வரிசையாகச் செருகினால் போதும், டயரில் பட்டது பிறகு விரலால் தேய்த்தாலே வந்துவிடும்.

அடுத்தது எண்ணெய்ப் பசை. டயர் பளபளப்புக்குத் தடவும் சிலிக்கான் ரிம் ஓரத்தில் படிந்திருக்கும். அதன் மேல் அடித்தால் பூச்சு விலகி விலகி மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக நிற்கும். ஷாம்பு, பிரஷ், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணி. துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைக்கணும். பிரேக் தூசி அடைந்த நட்டுக் குழியைச் சுற்றியுள்ள ஓரத்தை விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் முதலில் கொப்புளம் வரும்.

குறைக்கு 'பெயர்தல்' இருக்கட்டும். சுண்ணாம்பு பெயர்ந்தது, காரை பெயர்ந்தது என்று ஏற்கெனவே வாயில் இருக்கிற சொல்தான். நாமாக எடுப்பது மட்டும் உரித்தல். பூச்சுக்கு 'கழற்றுபூச்சு' என்று வைக்கலாமா?

மடல் 3 – யாழ்ப்பாணம்

வணக்கம். கழற்றுபூச்சு வேண்டாம். நட்டைக் கழற்றுவோம், சில்லைக் கழற்றுவோம், தோலைக் கழற்றுவதில்லை.

இங்கே சக்கரம் சில்லு, பெயின்ற் தீந்தை, ரப்பர் இறப்பர். ஆனபடியால் 'ரப்பர்' என்ற ஒட்டு இல்லாத சொல்லாக அமைந்தால் இரு கரைக்கும் பொருந்தும். உரி என்பதை வினையாகவே ஏன் பார்க்க வேண்டும்? பெயராகவும் அது பழைய சொல். அரவுரி என்றால் பாம்பு கழித்த சட்டை. மெல்லிசு, முழுசு, கிழியாமல் வந்தது, உள்ளே இருந்த உடம்புக்குச் சேதமில்லை. இந்தப் பூச்சுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. அந்தப் பெயரோடு சேர்த்தால் ப் மிகும்: உரிப்பூச்சு. வினைத்தொகையான உரிபூச்சில் மிகாது. உரிபூச்சு உரிகிற பூச்சு, உரிப்பூச்சு உரி போன்ற பூச்சு.

கையேட்டில் ஒன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள். நட்டு வந்து அமரும் கூம்புக் குழியிலும், சில்லின் பின்பக்கம், சில்லைப் பூட்டும் நடுப்பகுதியான ஹப்பைத் தொடும் தட்டையான முகத்திலும் இந்தப் பூச்சு துளியும் படக்கூடாது. இறப்பர் நசுங்கும். இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரியான அளவைக் காட்டும், ஓட ஓட நடுவில் உள்ள தோல் நசுங்கி இறுக்கம் தளரும். குழிக்குள் பழைய நட்டையோ சுருட்டிய அட்டையையோ வைத்து மறைத்துவிட்டு அடியுங்கள். பூட்டிய பின் வாகனக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கி, 50–100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். கழற்றாமல் காரிலேயே வைத்து அடிப்பவர்கள் பிரேக் டிஸ்க்கையும் காலிப்பரையும் மூட மறக்கிறார்கள். அதைவிடச் சில்லைக் கழற்றி அடிப்பது சுகம்.

மடல் 4 – கோவை

> உரிபூச்சு உரிகிற பூச்சு, உரிப்பூச்சு உரி போன்ற பூச்சு.

அழகான வேறுபாடு, ஆனால் ஒற்றைப் ப் மேல் இவ்வளவு பாரம் ஏற்ற முடியாது. தட்டச்சில் பாதிப்பேர் தவறவிடுவார்கள், மீதிப்பேர் தேவையில்லாத இடத்திலும் போடுவார்கள்.  இலக்கணம் தெரிந்த குறும்பர் யாராவது, உரி என்றால் அரைநாழி, அப்போ அரைநாழிப் பூச்சா என்றும் கேட்பார்.

நெல்லை நண்பரின் நெருடலுக்கு ஒரு பதில்: குடிநீர் தானாகக் குடிக்கும் நீர் அல்லவே. செயப்பாட்டுப் பொருளை வினைத்தொகை தாங்கும். ஆனால் குடிநீருக்கு மாற்றுப்பொருள் வர வழியில்லை, உரிபூச்சுக்கு வருகிறது. அதனால் விட்டுக்கொடுக்கிறேன்.

பூச்சு என்ற சொல்லையே மாற்றிப் பார்க்கலாம். கேனில் இருப்பது திரவம், அடிப்பது பூச்சு, காய்ந்து நிற்பது படலம். நாம் உரிப்பது அந்தப் படலத்தை. உரிப்படலம் என்றால் யாழ்ப்பாண நண்பரின் பாம்புச் சட்டையும் வந்துவிடுகிறது, 'தானாக உரியும் பெயிண்ட்' என்ற நினைப்பும் வராது. ப் விட்டுப்போய் உரிபடலம் என்று எழுதினாலும் பொருள் கெடாது.

விட்டுப்போன செய்முறையையும் சேர்த்துவிடுகிறேன். வெளிமுகத்தை முதலில் அடிப்பது பொதுவான தப்பு. ஆரைக்கால்களின் பக்கவாட்டையும் உட்புறத்தையும் முதலில் அடித்து, பிறகு முகத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் முகத்தில் தடித்து ஒழுகும்போது பக்கவாட்டில் சிலந்தி வலை அளவுதான் இருக்கும், உரிக்கும்போது அங்கேதான் அறும். ஒவ்வொரு கோட்டுக்கும் சக்கரத்தைக் கால்வட்டம் திருப்பிக்கொள்ளலாம். கேனுக்கும் ரிம்முக்கும் 15–20 செ.மீ. அதற்கு மேல் விலகினால் துளி காற்றிலேயே காய்ந்து மணல் போல விழும். தொட்டால் சொரசொரக்கும், இழுத்தால் உதிரும். முதல் கோட்டு பாதி ரிம் தெரிகிற அளவுக்குத் தூவல்தான். 20–30 நிமிடம் விட்டு அடுத்தது. மூன்றிலிருந்து ஐந்துவரை ஈரமாக, கண்ணாடி மாதிரிப் பளபளக்க, ஒழுகுவதற்கு ஒரு நொடி முன்னால் கையை எடுக்கும்படி. பூட்ட 4 மணி நேரம், கழுவ மூன்று நாள்.

சென்னையிலும் கொழும்பிலும் காலை வேளையில் அடித்தால் படலம் வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது இது. வெயில் ஏறி ஈரப்பதம் இறங்கிய பிறகு, நிழலில் அடிக்கலாம். வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம், உலர்ந்த நேரத்தில் இன்னொரு ஈரக்கோட்டு பெரும்பாலும் சரிசெய்துவிடும். ஆவி தலைசுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். துணி முகமூடி போதாது, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் குப்பி வைத்த முகமூடி வேண்டும்.

வீல் பாலன்சிங்கைப் பூச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். படலத்தின் மேல் ஒட்டுகிற எடைத்துண்டு படலத்தைத்தான் பிடித்திருக்கிறது, ரிம்மை அல்ல. வேகத்தில் தோலோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். ஈய எடை ஒட்டும் வட்டத்தை அடிக்காமல் விடுவது பாதுகாப்பு.

மடல் 5 – திருநெல்வேலி

உரிப்படலத்துக்கு என் வாக்கு. இரண்டு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். ரிம்மின் கிளியர் கோட்டு (மேலே உள்ள நிறமற்ற காப்புப் பூச்சு) ஏற்கெனவே போய் வெறும் அலுமினியம் தெரிகிற இடத்தில், சொரசொரப்புக்குள் படலம் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், அங்கே உரியாது. அப்படிப்பட்ட ரிம்முக்கு முதலில் பெயிண்ட், அதுவும் ஒரு மாதம் ஆறிய பிறகுதான் இது. அடுத்தது பெட்ரோல், பிரேக் கிளீனர் எதுவும் கிட்டே வரக்கூடாது. வெயிலில் இரண்டு மூன்று வருடம் நின்று மொரமொரத்த படலத்தை உரிக்க, மேலே இரண்டு ஈரக்கோட்டு அடித்து மறுநாள் உரிப்பதே லேசு. பழையதும் புதியதும் ஒன்றாகி ஒரே தோலாக வரும். அப்படியும் ஆரைக்கால் மூலையில் ஒட்டிக்கிடக்கும் துண்டுகளுக்கு டபிள்யூ-டி 40 தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் உருட்டலாம்.

கையேட்டில் இன்னும் ஒரு ஓட்டை: அந்த முதல் தூவல் கோட்டுக்குப் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் உள்ளபடி டாக் (ஒட்டுப்பிடிப்பு) கோட்டு என்றே விட்டுவிடப் போகிறோமா?

மடல் 6 – யாழ்ப்பாணம்

பிடிகோட்டு. வினைத்தொகை, க் வேண்டாம்.