இங்கிலாந்து ஜிபி சேர்ஜரி: கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்க்கிற ஆக்கள் எழுதுவது

தொடக்கம்
பதிவு, மொழிபெயர்ப்பு, மருந்துச்சீட்டு, பதிவில இருந்து நீக்கிற கடிதம். ஜிபி சேர்ஜரியில, அதாவது குடும்ப டொக்டரின்ர கிளினிக்கில, எங்கட சனம் முட்டுப்படுற இடங்கள் இவைதான். அங்க வேலை செய்யிற ஆக்கள் கண்டதை எழுதுங்கோ. சொந்தக் கதை வேண்டாம். என்ன கேக்கலாம், எது பிழைக்கும், ஏன் பிழைக்கும் எண்டு மட்டும். இது இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில மருந்துக்கே காசில்லை, அங்க விதிகள் வேற.

கவுண்டர் அக்கா
"பாஸ்போட்டும் கரண்ட் பில்லும் கொண்டுவாங்கோ, இல்லாட்டிப் பதியேலாது" எண்டு மேசையில சொல்லுறது இண்டைக்கும் நடக்குது. அப்பிடி ஒரு விதி இல்லை. ஜிபியில பதிய அடையாள அட்டையும் தேவையில்லை, விலாசச் சான்றும் தேவையில்லை, விசாவும் தேவையில்லை. கேக்கலாம், கையில இல்லையெண்டதுக்காக மறுக்கேலாது. நீங்கள் அவையின்ர எல்லைக்கு வெளியில இருக்கிறியள், இல்லாட்டிப் புது ஆக்களை எடுக்கிறதை முறைப்படி நிப்பாட்டி வச்சிருக்கினம் எண்ட மாதிரிக் காரணம் வேணும். மறுத்தா 14 நாளுக்குள்ள காரணத்தை எழுத்தில தரவேணும்.

சத்தம் போடத் தேவையில்லை. "அந்த மறுப்பை எழுத்தில தாங்கோ" எண்டு அமைதியாச் சொல்லுங்கோ. அனேகமா உள்ளுக்க போய் மனேஜரிட்டக் கேட்டுட்டு, பதிவு ஃபோமோட திரும்பி வருவினம். மேசையில நிக்க விருப்பமில்லாட்டி இணையத்தில பதியலாம். 2024 ஒக்டோபர் 31 முதல் எல்லாச் சேர்ஜரியும் அந்த வசதியைக் குடுக்கவேணும்.

எங்கட ஆக்கள் ஃபோமில விடுற பிழை ஒண்டு இருக்கு. தகப்பன் பேரை ஒருக்கா முதற்பெயர் கட்டத்தில எழுதுவினம், இன்னொருக்கா குடும்பப்பெயர் கட்டத்தில. பாஸ்போட்டில வேற ஒழுங்கு. கணினி அதை இரண்டு ஆளாப் பாக்கும். தடுப்பூசி ஒரு என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) இலக்கத்தில, இரத்தப் பரிசோதனை மற்ற இலக்கத்தில. இரண்டையும் பிறகு ஒண்டாக்குறது பெரிய வேலை. முதல் தரம் எப்பிடி எழுதினியளோ, ஆஸ்பத்திரியிலயும் மருந்துக்கடையிலயும் அப்பிடியே எழுதுங்கோ. பத்து இலக்க என்எச்எஸ் நம்பரை ஃபோனில சேமிச்சு வையுங்கோ.

வீடு மாறினா, ஃபோன் நம்பர் மாறினா அண்டைக்கே சொல்லுங்கோ. இதை ஆரும் பெரிசா எடுக்கிறேல்லை. ஆஸ்பத்திரிக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போகும், நீங்கள் போகமாட்டியள், "வரவில்லை" எண்டு எழுதி ஜிபியிட்டத் திருப்பி அனுப்பிப்போடுவினம். பிறகு வரிசையில திரும்பவும் கடைசியில இருந்துதான்.

ஈஸ்ட்ஹாம் தம்பி
அக்கா, விசிட் விசாவில் வந்திருக்கிற பெற்றோரைப் பதியலாமா? ஒரு ரிசப்ஷனில் "பிரைவேட்டா பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கவுண்டர் அக்கா
பதியலாம் தம்பி. 24 மணித்தியாலத்துக்கு மேல, மூண்டு மாதத்துக்குள்ள அந்தப் பகுதியில நிக்கிறவையை "தற்காலிகப் பதிவு" எண்டு எடுக்கலாம். ஆறு மாதம் நிக்கப்போகினம் எண்டா முழுப் பதிவே கேக்கலாம். ஜிபியைப் பாக்கிறதுக்கு ஆரிட்டையும் காசு வாங்கிறேல்லை. ஆனா அதை நம்பி ஆஸ்பத்திரிச் செலவும் இலவசம் எண்டு நினைச்சிடாதேங்கோ. அவசரப் பிரிவில பாக்கிறதுக்குக் காசில்லை. வாட்டில அனுமதிச்சா பில் வரும், அதுவும் வழக்கமான கட்டணத்தின்ர ஒண்டரை மடங்கு. பயணக் காப்புறுதி எடுத்து வரச்சொல்லுங்கோ.

மொழிபெயர்ப்பாளர், டூட்டிங்
பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து மொழிபெயர்க்க வைக்கும் பழக்கம் பற்றி எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இலவசம். ஏற்பாடு செய்ய வேண்டியது சேர்ஜரி. நோயாளியிடம் காசு கேட்கக்கூடாது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்பது என்எச்எஸ் வழிகாட்டி. வளர்ந்த மகனோ மருமகளோ இருந்தாலும் டொக்டருக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்தான் பாதுகாப்பு.

காரணம் ஆங்கிலம் மட்டும் அல்ல. அறுபது வயதுத் தாய், மகன் பக்கத்தில் இருக்க, "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்று நிறுத்திக்கொள்வார். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுவதை மகன் வாயால் சொல்லவைக்க மாட்டார். அது புற்றுநோய்ச் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பிப் பார்க்க வேண்டிய அறிகுறி. மகன் "காஸ்ட்ரிக்" என்று சொல்லிவிடுவார், டொக்டர் அதற்கு மருந்து எழுதிவிடுவார், இரண்டு பேர் மீதும் பிழை சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது: நேரம் எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இரட்டை நேரம் தாருங்கள்" என்று கேளுங்கள். சாதாரண சந்திப்பு பத்து நிமிடம்தான். மொழிபெயர்த்துப் பேசினால் அது போதாது. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்போதே சொல்லுங்கள். இந்தியத் தமிழா இலங்கைத் தமிழா என்றும் சொல்லலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நேரில் ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் இணைப்பார்கள். உடுப்பைக் கழற்றிப் பார்க்கும் பரிசோதனை என்றால் துணைக்கு ஒரு பயிற்சி பெற்ற ஊழியரை அறையில் நிற்கச் சொல்லவும் உரிமை உண்டு. மருத்துவ மாணவர் இருப்பது பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லலாம். அதனால் சிகிச்சை குறையாது.

"மொழித் தேவை: தமிழ்" என்று உங்கள் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

குளிசைக்காரன்
மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து. நம்மவர்களுக்கு அதிகம் அபராதம் வருவது சர்க்கரை வியாதியால்தான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு மருந்து இலவசம். உண்மை. ஆனால் அது தானாக வராது. விலக்குச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சேர்ஜரியில் எஃப்பி92ஏ ஃபாரம் கேட்டு நிரப்ப வேண்டும். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் என்றால் கிடையாது. தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை எடுப்பவருக்கும் உண்டு. பிரஷர், கொலஸ்ட்ரால், ஆஸ்துமா பட்டியலில் இல்லை. சான்றிதழ் இருந்தால் எல்லா மருந்தும் இலவசம், சர்க்கரை மாத்திரை மட்டும் அல்ல.

பலர் "எனக்குச் சுகர்தானே" என்று மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். பல மாதம் கழித்துக் கடிதம் வரும்: மருந்துக் காசும், அதன்மேல் 100 பவுண்ட் வரை அபராதமும். கவுண்டரில் யாரும் தடுக்கவில்லையே என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். கையெழுத்து அவர்களுடையது. சான்றிதழ் ஐந்து வருடத்துக்குத்தான். காலாவதி தேதியைக் காலண்டரில் போட்டு வையுங்கள். அறுபது வயதானவர்களுக்குச் சான்றிதழே தேவையில்லை, பிறந்த தேதி போதும்.

சான்றிதழ் வரும்வரை ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட் கட்டுங்கள். ஆனால் கட்டும்போதே எஃப்பி57 ரசீது கேளுங்கள். அது பிறகு தர முடியாத ரசீது, அது இல்லாமல் காசு திரும்பாது. விலக்கு எதுவும் இல்லாதவர், வருடத்துக்கு 11 மருந்துக்கு மேல் வாங்கினால் 114.50 பவுண்டுக்கு வருடம் முழுவதற்குமான முன்கட்டணச் சான்றிதழ் எடுப்பது லாபம்.

சின்ன விஷயத்துக்கு ஜிபி நேரம் கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம். 2024 ஜனவரி 31 முதல் ஏழு வியாதிகளுக்கு மருந்துக்கடையிலேயே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் தருகிறோம்: தொண்டை வலி, சைனஸ், பிள்ளைகளின் காது வலி, பூச்சிக்கடிப் புண், அக்கி, இம்பெட்டைகோ என்ற தோல் புண், 16 முதல் 64 வயதுப் பெண்களுக்குச் சிறுநீர் எரிச்சல். கர்ப்பிணி என்றால் சிறுநீர் எரிச்சலுக்கு ஜிபிதான்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: அதிகபட்சம் மூன்று மாத மருந்துதான் என்எச்எஸ்ஸில் எழுதலாம். அதற்கு மேல் வெளியில் நின்றால் பதிவை நீக்கலாம், திரும்பி வந்து மறுபடி பதிய வேண்டியதுதான். புறப்படும் வாரம் வந்து "ஆறு மாதத்துக்குத் தாங்க" என்றால் நடக்காது. வழக்கமான மருந்துக்கே இரண்டு வேலை நாள் வேண்டும். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு தடுப்பூசி ஜிபியில் இலவசம், புறப்பட ஆறு எட்டு வாரத்துக்கு முன்பே கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி
ஜிபி நேரம் எடுக்கக் காலையில் எட்டு மணிக்கு நடக்கும் ஃபோன் போராட்டம் பற்றி யாரும் எழுதவில்லையே!

கவுண்டர் அக்கா
"நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கோ" எண்டு சொல்லி வைக்கேலாது. என்எச்எஸ் சேர்ஜரிகளோட வச்சிருக்கிற 2023 ஒப்பந்தத்தின்படி, முதல் தொடர்பிலயே உங்கட தேவையைப் பாத்து என்ன செய்யிறது எண்டு சொல்லவேணும், இல்லாட்டிச் சரியான இடத்துக்கு அனுப்பவேணும். அண்டைக்கே நேரம் தரவேணும் எண்டு அதுக்கு அர்த்தமில்லை. 2025 ஒக்டோபர் 1 முதல் இணையக் கோரிக்கையும் வேலை நாளில காலை 8 இலிருந்து மாலை 6.30 வரை திறந்திருக்கவேணும். அவசரமில்லாத விஷயத்துக்குத்தான் அது. நெஞ்சு நோவை அதில எழுதிப்போட்டு இருக்காதேங்கோ, 999 எண்ட அவசர நம்பருக்கு அடியுங்கோ.

இணையத்தில எழுதேக்க "உடம்பு சரியில்லை" எண்டு விடாதேங்கோ. எங்க, எத்தனை நாள், கூடுதா குறையுதா, என்ன குளிசை எடுத்தனீங்கள், எதை நினைச்சுப் பயப்படுறியள். அந்தக் கடைசி வரிதான் டொக்டருக்கு உதவும். ஒரே நோவுக்கு மூண்டாம் தரம் வாறியள் எண்டா அதையும் எழுதுங்கோ. ஜெசிக்கா பிரேடி எண்ட 27 வயதுப் பிள்ளை இருபது தரத்துக்கு மேல சேர்ஜரியைத் தொடர்பு கொண்டும் புற்றுநோய் நேரத்தோட பிடிபடாமல் 2020 இல செத்துப்போனா. அவவின்ர பேரில 2025 செப்டெம்பரில வந்த "ஜெஸ் விதி" மூண்டாம் தரத்தில முதலில இருந்து யோசிக்கச் சொல்லி டொக்டர்மாருக்குச் சொல்லுது.

வரேலாட்டி நேரத்தை ரத்துச் செய்யுங்கோ. அதுக்கு அபராதம் கிடையாது எண்டு தெரிஞ்சு விடுறவை கனபேர்.

மொழிபெயர்ப்பாளர், டூட்டிங்
நீக்கக் கடிதம் பற்றிச் சுருக்கமாக. முறைப்பாடு செய்ததற்காக நீக்க முடியாது. உறவு முறிந்துவிட்டது என்று நீக்குவதானால் பொதுவாக முந்தைய 12 மாதத்துக்குள் ஒரு எச்சரிக்கை தந்திருக்க வேண்டும். அடிதடி, மிரட்டல் என்றால் எச்சரிக்கை இல்லை. பொலிசுக்குச் சொல்லி உடனே நீக்கலாம். மேசையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துத் தூசணம் பேசுவதும் எச்சரிக்கைக் கடிதத்தில்தான் முடியும், தமிழில் பேசினாலும்.

முறைப்பாடு சேர்ஜரிக்கு அல்லது அந்தப் பகுதிச் சுகாதார வாரியத்துக்கு, இரண்டில் ஒன்றுக்கு. நடந்து 12 மாதத்துக்குள். மூன்று வேலை நாளில் கிடைத்ததாகப் பதில் வர வேண்டும். முடிவு திருப்தியில்லாவிட்டால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் நாடாளுமன்ற, சுகாதார ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். எழுதுவதற்கு முன் உங்கள் பதிவேட்டின் பிரதி கேட்டு வாங்குங்கள். இலவசம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். தொலைபேசியில் என்ன சொன்னீர்கள் என்று அவர்கள் எழுதியிருப்பது அதில் இருக்கும்.

ஈஸ்ட்ஹாம் தம்பி
ஒருவரை நீக்கினால் குடும்பம் முழுவதும் போகுமா?

கவுண்டர் அக்கா
தானாப் போகாது. கடிதத்தில ஆரின்ர பேர் இருக்கோ அவர் மட்டும்தான். மற்றவை தங்கட பதிவு இன்னும் இருக்கோ எண்டு என்எச்எஸ் செயலியில பாத்துக்கொள்ளலாம்.