மரைச் சிதைவா, மரை உரிவா? அலுமினிய கிரிப்பர் தட்டுக்கு ஒரு சொல்

தருமபுரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான ரோபாட் கருவிக் கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. கிரிப்பரை (பொருளைப் பிடிக்கும் ரோபாட் கை) பூட்டும் அலுமினியத் தட்டில் போல்ட்டை முறுக்க முறுக்கப் பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றும் அல்லவா, துளையின் மரை (திருகு வரி) கெட்டுப்போன அந்த நிலையை 'மரைச் சிதைவு' என்று எழுதியிருக்கிறேன். 'புரி இழப்பு' என்றும் வைக்கலாம். (தருமபுரிக்காரன் புரிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைக்க வேண்டாம், இது முப்புரிநூலில் இருக்கிற புரி.)

ஓசூரிலிருந்து:

அண்ணே, சிதைவு ஒத்துவராது. துரு அரித்தாலும் சிதைவுதான், போல்ட்டைக் கோணலாக ஏற்றிக் கெடுத்தாலும் சிதைவுதான். நீங்கள் சொல்வது வேறு. அந்த போல்ட்டை வெளியே எடுத்துப் பாருங்கள்: பள்ளத்தில் அலுமினியம் ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டு வரும், துளைச் சுவர் மொழுக்கென்று இருக்கும். தட்டின் மரை அடியோடு வெட்டுப்பட்டு, பட்டை உரிவதுபோல் உரிந்திருக்கிறது. எனவே 'மரை உரிவு'. பட்டறையில் 'மரை போச்சு' என்பார்கள், அது எல்லாக் கோளாறுக்கும் பொது. 'மரை கழண்டது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தனிச்சொல் வேண்டும் என்று அடம்பிடிக்கக் காரணம், எது முதலில் போகும் என்பதில்தான் கணக்கே இருக்கிறது. 12.9 தர எம்6 போல்ட் (6 மி.மீ. விட்டம், உயர்வலிமை எஃகு) அறுந்துபோக ஏறத்தாழ 24.5 கிலோநியூட்டன் இழுவிசை வேண்டும். 6061-டி6 என்ற அலுமினியக் கலவையின் வெட்டு வலிமை (வெட்டுப்படாமல் தாங்கும் அளவு) சுமார் 207 மெகாபாஸ்கல். போல்ட் மரையும் துளை மரையும் 6 மி.மீ. நீளம் மட்டும் கவ்வியிருந்தால் 20 கிலோநியூட்டன் அளவிலேயே மரை உரியும். 12 மி.மீ. கவ்வினால் 40 வரை தாங்கும், போல்ட்தான் முதலில் அறும். அறுந்த போல்ட் கண்ணுக்குத் தெரியும், மாற்றலாம். மரை உரிந்தால் தட்டே வீண். ஆகவே 'கவ்வு நீளம்' என்ற சொல்லும் சேரட்டும்: எஃகில் போல்ட் விட்டத்தின் ஒரு மடங்கு, அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு. அதற்குமேல் ஆழப்படுத்திப் பெரிய லாபமில்லை; சுமையின் பெரும்பங்கை முதல் சில சுற்றுகளே வாங்கிக்கொள்கின்றன.

கிருஷ்ணகிரியிலிருந்து:

உரிவுக்கே என் ஓட்டும். காரணங்களையும் எழுதுங்கள் ஐயா. எம்6 துளைக்கு 5.0 மி.மீ. துளையிடும் பிட்டுக்குப் பதில் 5.3 ஓட்டினால் மரை உயரம் முழு உயரத்தின் 77 விழுக்காட்டிலிருந்து 54க்கு இறங்கிவிடும். டேப் (மரை வெட்டும் கருவி) வெண்ணெயாக ஓடும், பையன்களுக்கு சந்தோஷம். துளை வாயில் 6.5 மி.மீ. அளவுக்குச் சரிவு வெட்டாவிட்டால் முதல் சுற்று மேலே எழும்பி உதடு கட்டும். அதன்மேல் வைக்கும் கிரிப்பர் விரல் படியாது, முனை சாயும்.

தினமும் கழற்றி மாட்டும் துளைக்கு ஹெலிகாயில் (துளைக்குள் மரையாக இறக்கும் கம்பிச் சுருள்) போடுகிறோமே, அதற்கு என்ன பெயர்?

ஓசூரிலிருந்து:

'மரைச்சுருள்' போதும். உருவத்தைச் சொல்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. எம்6க்கு 6.3 பிட், அதற்கென்று வரும் தனி டேப். சாதாரண எம்6 டேப் ஆகாது. சுருளைத் தட்டின் முகத்துக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்றுவரை இறக்க வேண்டும். பிறகு சுருளின் அடியில், அதை இறக்கப் பிடித்துச் சுற்றும் வாலை உடைத்து வெளியே எடுக்க வேண்டும். மறுபக்கம் திறக்காத துளையில் வால் கிடந்தால் போல்ட் அதில் முட்டி நிற்கும்: டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு எட்டியதும் ஒலி எழுப்பும் சாவி) 'க்ளிக்' சொல்லும், விரலோ ஆடும். சுருளின் வெளிவிட்டம் பெரிது என்பதால் அலுமினியத்தில் உரிய வேண்டிய பரப்பு கூடுகிறது. தேய்மானத்தைத் துருப்பிடிக்கா எஃகுக் கம்பி வாங்கிக்கொள்கிறது.

தருமபுரியிலிருந்து:

மூன்றையும் எடுத்துக்கொண்டேன் தம்பி. வலப்பக்கம் முறுக்கினால் இறங்கும் மரைக்கு 'வலம்புரி' என்று வைத்துவிடலாமா?

ஓசூரிலிருந்து:

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் தலைகீழாகிவிடும் அண்ணே. வலம்புரிச் சங்கின் சுழல் இடக்கை மரையின் போக்கு. நம் போல்ட்டோடு ஒத்துப்போவது சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்குதான். வலமரை, இடமரை என்றே போடுங்கள்.