கேசோ திரிந்துபோன அன்று

ஹூஸ்டனுக்குக் குடிவந்த பிறகு எங்களுக்கு அது முதல் பிப்ரவரி. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் அன்று தெருக்காரர்கள் எல்லோரும் ஒரு வீட்டில் கூடி மேட்ச் பார்ப்பார்கள், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும். நான் கேசோ செய்து எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உருக்கிய சீஸில் தக்காளியும் பச்சை மிளகாயும் கலந்து, சுடச்சுட சிப்ஸில் தொட்டுச் சாப்பிடுவது. டெக்சஸ்காரர்களுக்கு அது நமக்குச் சாம்பார் மாதிரி, ஆளாளுக்கு ஒரு பக்குவம் சொல்வார்கள்.

விலை கூடினாலும் பரவாயில்லை என்று நன்றாக முதிர்ந்த செடார் சீஸ் வாங்கினேன். பாலைக் காய்ச்சி, சீஸைத் துருவிப் போட்டு, சீக்கிரம் உருகட்டும் என்று தீயைக் கூட்டினேன். ஐந்தே நிமிடம். மேலே மஞ்சள் எண்ணெய் மிதந்தது. அடியில் சீஸ் ரப்பர் மாதிரி திரண்டு கரண்டியோடு எழுந்து வந்தது. கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது, அழுகை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார், டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்தவர். போய்க் கதவைத் தட்டினேன். வந்து பாத்திரத்தைப் பார்த்தவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் 450 கிராம் வெல்வீட்டா என்கிற பதப்படுத்திய சீஸ் கட்டியும் ஒரு ரோ-டெல் டப்பாவும் எடுத்துவந்தார். தக்காளியும் பச்சை மிளகாயும் சேர்த்து அடைத்த அந்த டப்பா, 1940-களில் தெற்கு டெக்சஸில் எல்சா என்ற ஊரில் பிறந்தது. கட்டியைத் துண்டு போட்டு, டப்பாவில் இருந்ததைத் தண்ணீரோடு ஊற்றி, சிறு தீயில் கிளறினார். பத்து நிமிடத்தில் பட்டுப்போல வந்தது.

வெல்வீட்டா ஏன் திரியவில்லை என்று அப்புறம் தேடிப் படித்தேன். சீஸில் இருக்கும் புரதம்தான் கொழுப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடு மிஞ்சினால் புரதம் இறுகி, கொழுப்பு தனியே கழன்றுவிடும். முதிர்ந்த சீஸ் இன்னும் சீக்கிரம் பிரியும். சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சேர்ந்தால் பிரியாது, வெல்வீட்டாவில் அவை இருக்கின்றன. 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் கெர்பரும் ஸ்டெட்லரும் சிட்ரேட்டைச் சேர்த்துத்தான் கெடாமல் இருக்கும் சீஸ் செய்தார்கள்.

அடுத்த வருடம் வேறு ஒரு சிக்கல். எங்கள் தமிழ் நண்பர் குடும்பம் சுத்த சைவம். பல சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கிற ரென்னெட் என்ற என்சைம் இருக்கும். லேபிளில் ‘என்சைம்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது எதிலிருந்து எடுத்தது என்று நமக்குத் தெரியாது. வெல்வீட்டாவிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அவர்கள் வெறும் சிப்ஸைச் சாப்பிட்டுவிட்டுப் போனது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அதிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். ‘மைக்ரோபியல் ரென்னெட்’, அதாவது நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்தது, என்று போட்ட இளசான செடாரும் மான்டெரே ஜாக் சீஸும் சேர்த்து 225 கிராம். கட்டியாக வாங்கி நானே துருவுவேன். துருவி விற்பதில் ஒட்டாமல் இருக்க ஏதாவது பொடி தூவியிருக்கும். துருவலில் ஒரு மேசைக்கரண்டி கார்ன் ஸ்டார்ச், அதாவது நம் ஊரில் கார்ன்ஃப்ளார் என்கிற மாவு, போட்டுப் பிசிறிவிட வேண்டும். அதில் 354 மில்லி எவாப்பரேட்டட் மில்க் ஒரு டப்பா. இது தண்ணீரை வற்றவைத்த பால், மில்க்மெய்ட் இல்லை, இனிப்பு சேர்த்திருக்காது. சிறு தீயில் கைவிடாமல் கிளறி, லேசாகக் குமிழ் வந்து கெட்டியானதும் வதக்கிய வெங்காயம், ஹாலபீனியோ மிளகாய், சீரகப்பொடி, தண்ணீர் வடித்த தக்காளி.

ஆறினால் ஏடு கட்டிவிடும், அதனால் ஸ்லோ குக்கரில் ‘வார்ம்’ சூட்டிலேயே விட்டுவிடுங்கள். இறுகினால் ஒரு கரண்டி சூடான பால் விட்டுக் கிளறினால் போதும். போன முறை அந்த நண்பரின் பையன் கடைசிச் சிப்ஸால் பாத்திரத்தின் ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தான், மேட்ச் இன்னும் பாதிகூட முடியவில்லை.