டெர் ஸ்பீகல் இதழை ஆதாரமாக ஏற்கலாமா?

கேள்வி: வரலாற்று ஆசிரியை

வணக்கம். கல்லூரியில் தற்கால ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். என் முதுகலை மாணவர் ஒருவர் போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியைப் பற்றிய ஆய்வேட்டில் டெர் ஸ்பீகல் வார இதழைப் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள் காட்டியிருக்கிறார். கடைசி அத்தியாயத்தில் ஐரோப்பியர் பார்வையில் ட்ரம்ப் காலத்து அமெரிக்கா என்று ஒரு பகுதி வருகிறது. அதற்கும் அதே இதழ்தான். துறையின் மூத்த பேராசிரியர், "கட்டுக்கதை அச்சிட்டுப் பிடிபட்ட பத்திரிகை, எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள்" என்கிறார். அந்த இதழின் செய்தியாளர் க்ளாஸ் ரெலோட்டியஸ் கட்டுரைகளை இட்டுக்கட்டி எழுதியது 2018-இல் வெளிப்பட்டதே, அந்த விவகாரம் அவர் மனதில் இருக்கிறது. மாணவரோ, தகவல் சரிபார்ப்புக்கென்றே பெரிய பிரிவு வைத்திருக்கும் இதழ் அது என்று வாதாடுகிறார். இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை. நீங்கள் எதை வைத்து முடிவெடுப்பீர்கள்?

பதில் 1: பழைய செய்தி மேசை

அம்மா, உங்கள் பேராசிரியரும் மாணவரும் அட்டையில் உள்ள பெயருக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். நான் ஒரு வார இதழின் செய்திப் பிரிவில் வெகுகாலம் பக்கம் பார்த்தவன். கட்டுரை கைக்கு வந்ததும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இது பொய்யானால் எழுந்து மறுக்கக்கூடியவர் யார்? அவர் கண்ணில் இந்தப் பக்கம் படுமா?

ரெலோட்டியஸ் 2017-இல் மினசோட்டா மாநிலத்தின் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிறு நகரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஊர் முகப்பில் மெக்சிகோக்காரர்கள் வரக்கூடாது என்று பலகை இருந்ததாம். போகும் வழியில் இருண்ட காடாம். நகர நிர்வாகி கடலையே கண்டதில்லையாம். கட்டுரை ஜெர்மன் மொழியில் வந்தது. படித்தவர்கள் ஹாம்பர்க்கிலும் மியூனிக்கிலும் இருந்தார்கள். மறுக்கக்கூடியவர்கள் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வேறு மொழி பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் இருவர் விடாப்பிடியாக ஒவ்வொரு வரியாகச் சோதித்து 2018 டிசம்பரில் வெளியிட்டார்கள். அது புல்வெளிச் சமவெளி, அப்படியொரு காடே அங்கில்லை. நிர்வாகி கடற்கரையில் நிற்கும் புகைப்படமே இருந்தது.

சரிபார்ப்புப் பிரிவு என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஏட்டில் உள்ளதைச் சரிபார்க்கலாம். செய்தியாளர் தனியாகக் கண்டதாகச் சொல்லும் காட்சியை, அதில் வரும் மனிதரைக் கூப்பிட்டுக் கேட்காமல் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் சரிபார்க்க முடியாது. ரெலோட்டியஸின் சக செய்தியாளர் ஹுவான் மொரேனோ அதைத்தான் செய்தார். அமெரிக்க எல்லையில் துப்பாக்கியோடு காவல் நிற்கும் குழுவைப் பற்றி ரெலோட்டியஸும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. மொரேனோவுக்குச் சந்தேகம் வந்தது, மேலிடம் நம்பவில்லை. சொந்தச் செலவில் போய்க் கட்டுரையில் வரும் இருவரைத் தேடிப் பிடித்தார். ரெலோட்டியஸைச் சந்தித்ததே இல்லை என்றார்கள். அந்த மனிதரின் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது, வேலை போயிருக்கும்.

இனி 1962-க்கு வாருங்கள். நேட்டோவின் ஃபாலெக்ஸ் 62 போர்ப்பயிற்சியில் மேற்கு ஜெர்மன் படை மிகத் தாழ்ந்த மதிப்பீடு வாங்கியது என்று அக்டோபரில் ஸ்பீகல் எழுதியது. மறுக்கக்கூடியவர்கள் யார்? நாட்டின் பாதுகாப்பு அமைச்சகமே. அக்டோபர் 26 இரவு அலுவலகத்தில் காவல்துறை புகுந்தது. நிறுவனர் ருடால்ஃப் ஆக்ஸ்டைன் 103 நாள் சிறையில் இருந்தார். ஆனால் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? தேசத்துரோகம்; இரகசியத்தை வெளியிட்டார்கள் என்பது. கட்டுரையைத் தாக்க வந்தவர்களே அதன் உள்ளடக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டார்கள். பதவி இழந்தவர் பாதுகாப்பு அமைச்சர் ஸ்ட்ராஸ்.

இரண்டுக்கும் அட்டை ஒன்றுதான். மாணவரின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பதில் 2: ஆவணக் காப்பாளர்

மேலே சொன்னது நல்ல அளவுகோல், ஆனால் போதாது. 1983 ஏப்ரலில் ஸ்டெர்ன் என்ற இன்னொரு ஜெர்மன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று உலகத்தையே கூட்டி வெளியிட்டது. 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கியவை. கையெழுத்து நிபுணர்களிடமும் காட்டினார்கள். ஹிட்லர் கையெழுத்துதான் என்றார்கள். ஒப்பிடக் கொடுக்கப்பட்ட மாதிரிகளிலேயே, அந்த நாட்குறிப்புகளைப் போலியாக எழுதிய கோன்ராட் குயாவின் வேறு போலிகள் கலந்திருந்தன! எழுதியவன் கையை அவன் கையோடே ஒப்பிட்டால் பொருந்தாமல் எங்கே போகும்? மே மாதத் தொடக்கத்திலேயே கூட்டாட்சி ஆவணக் காப்பகம் காகிதத்தைச் சோதித்துப் போரின்பின் வந்த வெண்மையூட்டியைக் கண்டுபிடித்துவிட்டது.

ஆகவே உறுதிப்படுத்தும் இரண்டாவது ஆதாரம் முதலாவதன் வயிற்றில் பிறந்ததா என்று பார்க்க வேண்டும். "ஐந்து நாளிதழ்களிலும் வந்திருக்கிறது" என்று மாணவர்கள் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். ஐந்தும் ஒரே கட்டுரையை எடுத்துப் போட்டிருந்தால் அது ஒன்றுதான்.

பதில் 3: பழைய செய்தி மேசை

உண்மை, ஏற்கிறேன். இன்னொன்றும் சேர்க்கிறேன்: பிழை வெளிப்பட்டபின் இதழ் எப்படி நடந்துகொண்டது என்றும் பாருங்கள். ஸ்பீகல் ரெலோட்டியஸின் மோசடியைத் தானே அறிவித்தது, ஃபெர்கஸ் ஃபால்ஸுக்கு வேறொரு செய்தியாளரை அனுப்பியது, விசாரணைக் குழுவின் அறிக்கையை 2019 மே மாதத்தில் வெளியிட்டது. அதற்காக மொரேனோவை அலையவிட்டதை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் எந்தெந்தக் கட்டுரைகள் கெட்டவை என்று இன்று நமக்குத் தெரிகிறதே. ஒன்றுமே திருத்தம் வெளியிடாத பத்திரிகையிடம்தான் எனக்குப் பயம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று மாணவரோடு உட்கார்ந்து பார்த்தேன். 1962 தொடர்பானவை நிற்கும். ஆனால் இதழை மட்டும் காட்டாமல், அந்த நவம்பரில் நடந்த நாடாளுமன்ற விவாதத்தையும் 1966-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் செய்தியாளர் ஒருவரே கண்டதாகச் சொல்லும் வர்ணனைகள் சில இருக்கின்றன. எழுதியவர் ரெலோட்டியஸ் அல்ல. இருந்தாலும் வேறு சாட்சி கிடைக்காதவற்றை எடுத்துவிடச் சொன்னேன். பேராசிரியரிடம் திங்களன்று பேசுகிறேன். அவர் சம்மதிப்பாரா தெரியாது, ஆனால் அடிக்குறிப்புப் பட்டியலோடு போகிறேன்.