உண்டியல் வரும்போது எல்லோரும் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள்: என்ன செய்யலாம்?

வால்முறுக்கி எழுதியது:

அரிமா (லயன்ஸ்) சங்கத்தில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது. அதற்குள் டெயில் ட்விஸ்டர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருப்பதும், செல்லக் குற்றங்களுக்கு அபராதம் வசூலிப்பதும் இந்த ஆசாமியின் வேலை. சட்டையில் சங்க முத்திரை உள்ள பின்னைக் குத்தாமல் வந்தால் அபராதம். பேச்சாளர் பேசும்போது கைபேசி அலறினால் அபராதம். செய்தித்தாளில் படம் வந்தால், அந்தப் பெருமைக்கும் அபராதம்.

பொறுப்பேற்றபோது உற்சாகமாகத்தான் இருந்தேன். எங்கள் சங்கத்தில் 38 பேர். வாரந்தோறும் 30 பேராவது வந்துகொண்டிருந்தார்கள். இப்போது 16 பேர் வந்தால் தலைவர் முகம் மலர்கிறது. காரணத்தைத் தேடி நான் எங்கும் போக வேண்டியதில்லை, அது என் கையில்தான் இருக்கிறது. பெரிய தகர உண்டியல். ஒரே கூட்டத்தில் அது நான்கு முறை சுற்றுகிறது: முதலில் அபராதம், அடுத்து குலுக்கல் சீட்டு, அதன்பின் 'மகிழ்ச்சிக் காணிக்கை' (நல்ல செய்தி சொல்பவர் கொடுப்பது), கடைசியில் கண் பரிசோதனை முகாமுக்கான சிறப்பு நிதி. நான் நாற்காலியை விட்டு எழுந்ததுமே பின்வரிசையில் பாதிப் பேருக்கு அவசர அழைப்பு வந்துவிடுகிறது. கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போகிறார்கள். மணி அடிக்காத கைபேசி.

போன வாரம் நடந்ததுதான் மனத்தை உறுத்துகிறது. வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு மூத்த உறுப்பினர் என்னை ஓரமாக அழைத்து, மகள் பட்டம் பெற்றுவிட்டாள் என்று சொன்னார். வாழ்த்தினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "உள்ளே சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

முகாமுக்குப் பணம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் சொந்த மகளைப் பற்றிய நல்ல செய்தியை ஒருவர் ஒளித்து வைக்கிற இடத்தைத் தோழமைக் கூட்டம் என்று எப்படிச் சொல்வது? உண்டியலை ஒழித்துவிடலாமா? உங்கள் சங்கங்களில் என்ன செய்கிறீர்கள்?


நேர்வழி எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உண்டியலைப் பரணில் போடுங்கள், ஆண்டுச் சந்தாவை உயர்த்துங்கள். ஒரே முறை கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் நிம்மதியாகச் சிரித்துப் பேசலாம். வாரந்தோறும் சில்லறை பொறுக்குவது சேவையாகாது, வெறும் சடங்கு.


பழைய பொருளாளர் எழுதியது:

தம்பி, பதினோரு ஆண்டுகள் பொருளாளராக இருந்து ஓய்ந்தவன் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மாதிரித் துணைவிதிகளில் உங்கள் பதவிக்கான பத்தியைத் தேடிப் படியுங்கள். சேர்ந்த அன்று கொடுத்த கோப்பில் இருக்கும், யாரும் பிரிப்பதில்லை. ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் அபராதம் போடக்கூடாது. தொகை, இயக்குநர் குழு வைத்த உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. வசூலானதை உடனே பொருளாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: டெயில் ட்விஸ்டருக்கு அபராதம் போட வேண்டுமானால், வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். இதை எழுதியவர் நல்ல குறும்புக்காரராக இருந்திருப்பார்.

எங்கள் சங்கத்து டெயில் ட்விஸ்டர் ஒருவர் இந்த விதியை வைத்தே ஓராண்டை ஓட்டினார். ஒவ்வொரு வாரமும் வேண்டுமென்றே ஏதாவது தப்புடன் வருவார். ஒரு காலில் கறுப்புக் காலுறை, மறு காலில் மஞ்சள். பின்னைத் தலைகீழாகக் குத்திக்கொண்டு வருவார். யாராவது கண்டுபிடித்துக் கத்துவார்கள், அறை முழுவதும் கைகள் உயரும். ஒரே ஒரு கை மட்டும் உயராது. அவர் முன்கூட்டியே ஒருவரிடம் பேசி வைத்திருப்பார். இந்த வாரம் விலைபோனவர் யார் என்று மொத்தக் கூட்டமும் தேடும். அந்தத் தேடலுக்காகவே ஆட்கள் வந்தார்கள். அபராதம் என்பது அதுதான் தம்பி. பணம் அதில் ஒரு சாக்கு.

இரண்டாவது, கணக்கு. நீங்கள் எழுதியதைப் படித்தால் நான்கு வசூலும் ஒரே தகரத்துக்குள் போவதுபோல் தெரிகிறது. உடனே நிறுத்துங்கள். சந்தாவும் அபராதமும் உறுப்பினர்களின் பணம், நிர்வாகக் கணக்குக்குப் போகும். அறை வாடகை, அஞ்சல் செலவு, மாலை எல்லாம் அதிலிருந்து. பொதுமக்களிடம் திரட்டியது சேவைக் கணக்குக்குப் போகும். பணம் திரட்டிய நிகழ்ச்சியை நடத்த ஆன நேரடிச் செலவைத் தவிர வேறு எதையும் அதில் கழிக்கக்கூடாது. இரண்டையும் கலந்து நாங்கள் ஒருமுறை பட்டோம். ஊராருக்கு விற்ற குலுக்கல் சீட்டில் மிஞ்சிய தொகையை, நிர்வாகக் கணக்கு வறண்டிருக்கிறதே என்று, பதவியேற்பு விழாவுக்கு எடுத்தோம். பிறகு திருப்பிவிடலாம் என்பது எண்ணம். விழாப் படம் வெளியாயிற்று. சீட்டு வாங்கிய ஓர் அம்மா அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். திட்டவில்லை. "இதில் என் சீட்டு எது?" என்று விருந்து மேசையைக் காட்டிக் கேட்டார். அன்று மாலையே என் கையிருப்பிலிருந்து கட்டினேன். கட்டியதால் என்ன, அடுத்த ஆண்டு அவர் தெருவில் ஒரு சீட்டும் விற்கவில்லை.

இப்போது உண்டியல். இதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களிடமும் தகரம்தான் இருந்தது. சிறு தொழில் நடத்திய ஓர் உறுப்பினர் வழக்கமாக மேசையின் கோடியில், எனக்கு எதிரே உட்காருவார். அந்த ஆண்டு அவருடைய தொழில் படுத்துவிட்டது, எங்களில் யாருக்கும் தெரியாது. உண்டியல் வந்ததும் இடது கையால் அதன் வாயை மறைத்துப் பிடிப்பார். வலது கையைப் போடுவதுபோல் கொண்டுபோய், மோதிரத்தால் தகரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். காசு விழுந்த மாதிரியே சத்தம் கேட்கும். அடுத்தவருக்கு நகர்த்திவிட்டு, தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொள்வார். நான்கு வாரம் பார்த்தேன். ஐந்தாவது வாரம் விரலில் மோதிரம் இல்லை. சாவியால் தட்டினார்.

அன்று இரவு என் மனைவியிடம் கேட்டு, பழைய திரைச்சீலையில் ஒரு சுருக்குப் பை தைத்துக்கொண்டேன். துணிப்பையில் காசு விழுந்தாலும் சத்தம் இல்லை, விழாவிட்டாலும் சத்தம் இல்லை. அடுத்த வாரம் அதையே சுற்றில் விட்டேன். "உள்ளே கைவிட்டு எடுத்தால்கூடத் தெரியாதே" என்று ஒருவர் ஆட்சேபித்தார். குறைந்தால் என்னைக் கேளுங்கள் என்றேன். அதற்குமேல் பேச்சில்லை. மோதிரக்காரர் எங்களோடு ஒன்பது ஆண்டுகள் இருந்தார். முகாமில் பதிவேடு எழுதியதெல்லாம் அவர்தான். அவ்வளவு அழகான கையெழுத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பையால் வசூல் கூடியதா என்று கேட்பீர்கள். கூடவில்லை. குறைந்தது, குறைந்த இடத்திலேயே நின்றது. அதனால் முகாம் பணத்தை வாரக் கூட்டத்திலிருந்தே விலக்கிவிட்டோம். ஆண்டுக்கு ஒரு முறை பழைய பொருள் விற்பனை நடத்தினோம், அதில் வருவது அப்படியே சேவைக் கணக்குக்கு. விற்பனைக்கு முந்தின இரவு பொத்தான் இல்லாத சட்டைகளையும் ஒற்றைச் செருப்புகளையும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வாரக் கூட்டத்தில் அடுத்த நாற்காலிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட அன்று விடியும் வரை பேசினார்கள்.

நேர்வழி நண்பருக்கு: சந்தாவை உயர்த்தினால் முதலில் போவது மோதிரக்காரர்தான்.


ரோட்டரிக்காரி எழுதியது:

நான் அடுத்த வீடு, ரோட்டரி சங்கம். 1989-இல் விதியைத் திருத்தும் வரை என்னைப் போன்ற பெண்களை உள்ளே விடாத வீடு. அதனால் பழைய பெருமை பேச எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனாலும் இந்தப் பேச்சுக்குத் தேவைப்படுகிறது.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் கூட்டிய முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: அவர் வழக்கறிஞர், மற்றவர்கள் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். பெருநகரத்தில் நண்பர்கள் இல்லையே என்ற ஏக்கம்தான் ஹாரிஸை உந்தியது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. முதல் பொதுச் சேவையான பொதுக் கழிப்பறை 1907-இல்தான். தோழமை முன்னே வந்தது, நிதி பின்னே வந்தது. உங்கள் சங்கத்தில் வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நிதியும் பெரிதாகத் தொடங்கவில்லை. ரோட்டரி அறக்கட்டளைக்கான யோசனையை 1917-இல் அப்போதைய ரோட்டரித் தலைவர் ஆர்ச் கிளம்ப் முன்வைத்தார். அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட், கான்சஸ் சிட்டி சங்கம் மாநாட்டுச் செலவு போக மிச்சம் பிடித்து அனுப்பியது. உங்கள் தலைவர் இலக்கு இலக்கு என்று விரட்டினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மகளின் பட்டத்தை ஒளித்தவரைப் பற்றி. எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஒரு சின்ன மாற்றம் செய்தோம்: நல்ல செய்தி சொல்பவர் கொடுக்க வேண்டாம். கேட்டவர்களில் மகிழ்ந்தவர்கள், விரும்பினால், அவர் பெயரில் போடலாம். அப்போதிருந்து எங்கள் கூட்டத்தில் நல்ல செய்திகளை நிறுத்துவதுதான் பெரும்பாடு. ஒருவர் தன் வீட்டு ரோஜா மொட்டு விட்டதைப் பற்றி மூன்று வாரம் தொடர்ந்து சொன்னார். மொட்டு, பாதி மலர், முழு மலர்.

இன்னொன்று: எங்கள் பக்கம் 2016-க்குப் பிறகு வாரந்தோறும் கூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மாதம் இரண்டு கூட்டம் போதும். நாங்கள் குறைத்துப் பார்த்தோம். ஆறு மாதத்தில் மறுபடி வாரத்துக்கே வந்துவிட்டோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால், ஒன்றைத் தவறவிட்டவர் ஒரு மாதம் காணாமல் போகிறார், பிறகு வரவே கூச்சப்படுகிறார். அதனால் வருகை குறைகிறது என்று கூட்டத்தைக் குறைத்துவிடாதீர்கள்.


நேர்வழி எழுதியது:

சந்தா உயர்வை இன்னமும் ஆதரிக்கிறேன். கொடுக்க முடியாதவர்களுக்குத் தலைவர் ரகசியமாக விலக்கு அளிக்கலாமே.


பழைய பொருளாளர் எழுதியது:

அளிக்கலாம். ஆனால் அதற்கு அவர் போய்க் கேட்க வேண்டும். சாவியால் தட்டியவர் கேட்பாரா?


நேர்வழி எழுதியது:

அதை யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.


வால்முறுக்கி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

துணைவிதியை இயக்குநர் குழுவில் உரக்கப் படித்தேன். ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது என்ற வரி வந்ததும், என்னிடம் ஒரே இரவில் ஐந்து முறை மாட்டியவர் எழுந்து நின்று கைதட்டினார். மூன்று அபராதத்தைத் திருப்பிக் கேட்கிறார், வழக்கு நிலுவையில் இருக்கிறது. கணக்கைப் பிரித்தோம். எங்கள் பொருளாளருக்கு முதலில் கோபம், பிறகு இரண்டு ஆண்டுக் கணக்குச் சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு அவரே உட்கார்ந்துவிட்டார். என்ன வருகிறதோ, பயமாகத்தான் இருக்கிறது. முகாம் நிதியைக் கூட்டத்திலிருந்து விலக்குவதற்குத் தலைவர் இன்னும் இணங்கவில்லை, 26 டாலர் கதைக்குச் சிரித்தார், அவ்வளவே. ஆக உண்டியல் இப்போது நான்குக்குப் பதில் இரண்டு முறை சுற்றுகிறது. உண்டியல் என்றா சொன்னேன், பை. நீலத் துணியில், நானே தைத்தேன். கோணலாக இருக்கிறது என்று எனக்கு அபராதம் போடப் பார்த்தார்கள், கைகள் எல்லாம் உயர்ந்தன, ஒன்றைத் தவிர. அது யாருடையது என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

ரோட்டரி அக்கா சொன்ன மாற்றத்தை மூன்றாவது வாரம் அறிவித்தேன். வாகனம் நிறுத்தும் இடத்துக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்தார். மகள் என்ன படித்தாள், எந்தப் பாடத்தில் ஒருமுறை தோற்றாள், மறுபடி எப்படி எழுதினாள் என்று பத்து நிமிடம் பேசினார். நேரம் மீறியதற்கு அபராதம் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. பேச்சு முடிந்ததும் பை தானாகவே மேசையைச் சுற்றத் தொடங்கியது, நான் எழுந்திருக்கவே இல்லை.

அன்று வருகை 22.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பழைய தகர உண்டியலை என்ன செய்வது? சங்கத்தின் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள், தூக்கிப் போட மனம் வரவில்லை.


பழைய பொருளாளர் எழுதியது:

எங்களுடையது வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் பேனா போட்டுவைக்க உதவுகிறது. மூடியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் யாராவது காசு போட்டுவிடுவார்கள்.