ஆய்வுக் கருவி துறைக்குச் சொந்தமா, எல்லோருக்கும் பொதுவா?

சோதனைக்குழாய்:
எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு முடிவு வரப்போகிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள கருவிகளை எல்லாம் துறைகளிலிருந்து எடுத்து ஒரே பொதுக் கருவி மையத்தில் வைக்கப் போகிறார்களாம். கட்டணம் கட்டி, முன்பதிவு செய்து யாரும் பயன்படுத்தலாம். வெளிக் கல்லூரிகளுக்கும் அனுமதி உண்டு. துறையில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள், என் கைடும் எதிர்க்கிறார். நான் பொருளறிவியலில் மூன்றாம் ஆண்டு ஸ்காலர். என் பொடி மாதிரிக்கு ஒரு சாதாரண எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை) எடுக்க வெளியூருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு ஏழு வாரம் காத்திருந்தேன். அந்த ஏழு வாரமும் பக்கத்துத் துறையில் ஓர் எக்ஸ்ஆர்டி பூட்டியே கிடந்தது. அதனால் நான் பொது மையத்தின் பக்கம். அடுத்த வாரக் கூட்டத்தில் மாணவர்கள் சார்பில் பேச வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முப்பதாண்டு ஆய்வகம்:
ஏன் பூட்டிக் கிடந்தது என்று விசாரித்தீர்களா? என் அனுபவத்தில் காரணம் பெரும்பாலும் கஞ்சத்தனம் அல்ல. உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும், ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடப் பணம் இருக்காது, கருவியைக் குளிர்விக்கும் சில்லரில் உப்பு படிந்திருக்கும், அல்லது எக்ஸ்ரே டியூப் போயிருக்கும். கருவியை வேறு கட்டடத்துக்குத் தூக்கிப்போவதால் புது டியூப் வந்துவிடாது.

நான் கனிம வேதியியல்காரன். என் சேர்மங்கள் காற்று பட்டால் சில நிமிடங்களில் நிறம் மாறிப் பாழாகும். வேதிவினை இரவு 11 மணிக்கு முடிந்தால், என்ன சேர்மம் வந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தை அப்போதே பார்க்க வேண்டும். மாலை 5 மணிக்குப் பூட்டி, மறுவாரம் தேதி கொடுக்கும் மையம் எனக்கு எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. என் மாணவர்கள் கருவியைத் தாங்களே இயக்கினார்கள், மாதிரியைத் தாங்களே பொருத்தினார்கள், பிழை வந்தால் என்னோடு உட்கார்ந்து தேடினார்கள். இப்போது கவுன்டரில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு மின்னஞ்சலில் பிடிஎஃப் வாங்கிக்கொள்ளும் தலைமுறை வந்திருக்கிறது. அந்த பிடிஎஃபில் இருக்கும் வரைபட வளைவில் எது உண்மையான சிகரம், எது மாதிரித் தட்டிலிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாதவருக்கு முனைவர் பட்டம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கருவிக்காரன்:
நான் ஒரு பொது மையத்தில் தொழில்நுட்ப அலுவலர். 14 ஆண்டுகளாக என்எம்ஆர் என் பொறுப்பு, மாதிரியை வலுவான காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் கருவி அது. மாணவர்களின் பயிற்சி பற்றி ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மற்றதில்தான் எனக்கு மறுப்பு.

என்எம்ஆர் காந்தத்தை வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது அணைக்க முடியாது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தப்புலம் 9.4 டெஸ்லா. அதை உண்டாக்கும் சுருள் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக இருக்க, மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கியே கிடக்க வேண்டும். அதைச் சுற்றி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். எங்கள் கருவிக்கு நைட்ரஜன் வாரா வாரம், ஹீலியம் சில மாதங்களுக்கு ஒரு முறை. சாம்பிள் வந்தாலும் வராவிட்டாலும் ஊற்றியே தீர வேண்டும். ஹீலியம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. 2022 இல் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தபோது, மட்டம் காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்ட நாட்கள் எனக்கு உண்டு. மட்டம் அளவுக்கு மீறி இறங்கினால் சுருள் மீக்கடத்தும் தன்மையை இழக்கும். அதில் இருந்த ஆற்றல் வெப்பமாகி மிச்ச ஹீலியத்தைக் கொதிக்க வைத்துவிடும். குவென்ச் என்போம். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் மேல் வாயுவாகும், அறையில் இருப்பவருக்கு மூச்சுவிடக் காற்று இருக்காது.

இதை ஒரு துறை, மூன்றாண்டு புராஜெக்ட் பணத்தில் எப்படித் தாங்கும்? வாரத்துக்கு ஐந்து சாம்பிள் ஓட்டினாலும் அதே ஹீலியம்தான், ஐந்நூறு ஓட்டினாலும் அதேதான். எங்கள் மையத்தில் சாம்பிள்களைத் தானே மாற்றும் ஆட்டோசாம்ப்ளர் இரவு முழுக்க ஓடுகிறது. காற்று படக்கூடாத சேர்மத்தைக் குளோவ்பாக்ஸ் என்ற காற்றுப் புகாத பெட்டிக்குள்ளேயே வால்வு வைத்த குழாயில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள், எந்தச் சிக்கலும் இல்லை. எஃப்டிஐஆர், யூவி மாதிரி ஒளியை வைத்து அளக்கும் மேசைக் கருவிகள் தாராளமாகத் துறையில் இருக்கட்டும்.

முப்பதாண்டு ஆய்வகம்:
வால்வுக் குழாய் எனக்கும் தெரியும். மைனஸ் 60 டிகிரியில் வினை நடந்துகொண்டிருக்கும்போதே பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் எடுக்க வேண்டுமென்றால், வினையைத் தெரிந்தவர் கருவிமுன் நிற்க வேண்டும். அதை ஆட்டோசாம்ப்ளர் செய்யாது. ஆனால் ஹீலியம் கணக்கு சரிதான். என்எம்ஆர் பொதுவில் இருப்பதை நான் எதிர்க்கவில்லை.

தாமிரபரணிக் கரை:
பேராசிரியர்கள் இரவு 11 மணி பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் கல்லூரியில் இருக்கும் பெரிய கருவி ஒரு யூவி ஸ்பெக்ட்ரோமீட்டர், அதுவும் விளக்கு மங்கிவிட்டது. நான் அரசு உதவி பெறும் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை.

1970களில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியது. இன்று அவற்றுக்கு சைஃப் என்று பெயர். சென்னை ஐஐடியில் இருப்பது அதில் ஒன்று. நம் ஊர்க் கல்லூரிகளில் படிகம் வளர்த்து ஆய்வு செய்தவர்களின் பழைய கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். கடைசியில் நன்றி சொல்லும் வரியில், ஒற்றைப் படிக எக்ஸ்ரே தரவுக்காகச் சென்னை ஐஐடி சைஃபின் பெயர் திரும்பத் திரும்ப வரும். என் முனைவர் பட்டத்தில் பாதி அந்த வரிக்குக் கடன்பட்டது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் பஞ்சு வைத்து, அதில் நான்கு படிகங்களைப் போட்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அந்தக் கதவு எனக்குத் திறக்காமல் போயிருந்தால் இன்று நான் ஆசிரியை இல்லை.

2020 ஜனவரியில் பெங்களூரு அறிவியல் மாநாட்டில் ஐ-ஸ்டெம் இணையதளம் தொடங்கினார்கள். எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி என்று தேடி அதிலேயே பதிவு செய்யலாம். பொதுப் பணத்தில் வாங்கியதைப் பகிர வேண்டும் என்று 2022 இல் 'ஸ்ரீமான்' என்ற மத்திய அரசு வழிகாட்டுதலும் வந்தது. அதற்குப் பிறகும் 'என் புராஜெக்டில் வாங்கியது' என்ற பேச்சு ஏன்? அது வரிப்பணம் ஐயா, எங்கள் மாணவர்களின் பெற்றோரும் கட்டிய வரி.

முப்பதாண்டு ஆய்வகம்:
அம்மா, நீங்கள் சொல்வதில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. அந்தக் கருவி வர நான்கு ஆண்டு விண்ணப்பம் எழுதி, டென்டருக்கு அலைந்து, 2022 ஜூலையில் ஆய்வுக் கருவிக்கான 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை போய் 18 ஆனபோது பட்ஜெட்டைக் கிழித்து மறுபடி எழுதியவரையும் நினைத்துப் பாருங்கள். கருவியில் ஒரு சத்தம் மாறினால் ஓடிவருபவர் அவர்தான். மையத்துக்குப் போனபின் ஓடிவரப்போவது யார்?

சோதனைக்குழாய்:
டெல்லி ஐயூஏசி (பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம்) மாதிரி செய்யக் கூடாதா சார்? 1984 இல் தொடங்கியது. பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய துகள் முடுக்கி. என் சீனியர் அங்கே போனார். முன்மொழிவு எழுதி, குழு ஏற்றுக்கொண்டால் நேரம் ஒதுக்குகிறார்கள், கட்டணம் வாங்கவில்லை. தன் ஷிப்டில் விடிய விடியத் தானே உட்கார்ந்து தரவு எடுத்தார். நீங்கள் கேட்கும் பயிற்சியும் அதில் இருக்கிறதே.

கருவிக்காரன்:
ஐயூஏசி ஓடுவதற்குக் காரணம் முடுக்கி மட்டும் இல்லை, அதற்கென்றே இருக்கும் நிரந்தரப் பொறியாளர்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் என்ன நடக்கிறது? கருவிக்குக் கோடிக்கணக்கில் பணம் வரும், இயக்குபவருக்குத் தொகுப்பூதியம். ஒரு பையனுக்கு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் கைவர இரண்டு ஆண்டு ஆகும். கைவந்த அடுத்த மாதம் தனியார் கம்பெனிக்குப் போய்விடுவான். போகாமல் என்ன செய்வான், அவனுக்கும் குடும்பம் இருக்கிறதே. நான் பயிற்சி கொடுத்து அனுப்பியவர்கள் ஆறு பேர்.

முப்பதாண்டு ஆய்வகம்:
அப்படியானால் நாம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டோம். முதலில் நிரந்தரப் பணியிடம், பராமரிப்புக்குத் தனி நிதி. அதற்குப் பிறகு கருவிகள் மாறட்டும். அதுவரை துறையிலேயே இருக்கட்டும்.

தாமிரபரணிக் கரை:
நான் அந்த இடத்துக்கு வரவில்லை. 'பணியிடம் வந்த பிறகு' என்பதை 20 ஆண்டுகளாகக் கேட்கிறேன். பணியிடமும் வராது, கருவியும் திறக்காது. முதலில் கருவிகள் ஓரிடத்தில் சேரட்டும். எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் பணியிடம் வரும். ஒவ்வொரு துறையும் தனித்தனியே கேட்டால் யார் கொடுப்பார்கள்?

கருவிக்காரன்:
சோதனைக்குழாய், கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பூட்டிக் கிடக்கும் அந்த எக்ஸ்ஆர்டியின் பயன்பாட்டுப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பழுதுக் கோப்பு இருந்தால் அதையும்.

சோதனைக்குழாய் (இரண்டு நாள் கழித்து):
கேட்டேன், கொடுத்தார்கள். பதிவேட்டில் கடைசிப் பதிவு 19 மாதத்துக்கு முன்னால். அதற்கு முந்தைய ஓராண்டில் மொத்தம் மூன்று பெயர்கள், மூவரும் ஒரே ஆய்வகம். பழுதுக் கோப்பில் டியூப் மாற்றுவதற்கான விலைப்புள்ளி இருக்கிறது. துறைத்தலைவர் 'புராஜெக்ட் நிதியிலிருந்து' என்று எழுதியிருக்கிறார். புராஜெக்ட் முடிந்துவிட்டதாக இன்னொரு கையெழுத்து. நிர்வாகத்துக்கு அனுப்பியதற்கான குறிப்பே இல்லை. இரண்டையும் நகலெடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் முதலில் இதைத்தான் காட்டப் போகிறேன்.

முப்பதாண்டு ஆய்வகம்:
காட்டுங்கள். மூன்று பெயர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.