முதியோர் பராமரிப்பு இல்லத்தின் பாதுகாப்பை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி

வணக்கம். மறதி நோயால் பாதிக்கப்பட்டு, நடையும் தளர்ந்துபோன என் தாயாரை முழுநேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்ப்பதென்று குடும்பமாகப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். பார்த்த இல்லங்களில் எல்லாம் வரவேற்பறை பளிச்சென்று இருக்கிறது, உரிமச் சான்றிதழ் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது, பொறுப்பாளர்களும் கனிவாகப் பேசுகிறார்கள். ஆனால் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், "எங்களிடம் இதுவரை யாரும் விழுந்ததே இல்லை, கவலைப்படாதீர்கள்" என்ற பதில்தான் எங்கும் கிடைக்கிறது. அது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. ஓர் இல்லம் உண்மையிலேயே ஒழுங்காக நடக்கிறதா என்பதை வெளியிலிருந்து வரும் எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்த்து, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்? இத்துறையில் பணியாற்றுபவர்களும், பெற்றோரை இல்லத்தில் சேர்த்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (செவிலியர் கண்காணிப்பாளர்)

அன்புச் சகோதரிக்கு வணக்கம். அந்தப் பதில் உங்களுக்கு உறுத்தியதில் நியாயம் இருக்கிறது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வசிப்பவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினர் ஆண்டுதோறும் விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. அப்படியிருக்க, ஓர் இல்லத்தில் விழுந்தவர் ஒருவரும் இல்லை என்றால், ஒன்று அங்கே யாரையும் எழுந்து நடக்க விடுவதில்லை, அல்லது விழுந்ததை எழுதி வைப்பதில்லை. இரண்டுமே ஆபத்துதான்.

ஆகவே விபத்துப் பதிவேட்டைப் பற்றி முதலில் கேளுங்கள். அங்கே வசிப்பவர்களின் பெயரையும் விவரத்தையும் உங்களுக்குக் காட்டக் கூடாது; காட்டினால் அதுவே ஒரு குறை, ஏனெனில் நாளை உங்கள் தாயாரின் விவரத்தையும் அப்படித்தான் காட்டுவார்கள். ஆனால் அண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைப் பெயரில்லாமல் விவரிக்கச் சொல்லலாம். எத்தனை மணிக்கு, எங்கே விழுந்தார், தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரா, குடும்பத்துக்கு எப்போது தெரிவித்தீர்கள், அதன்பிறகு எதை மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் கூர்ந்து கவனிப்பேன். "அதிகாலையில் கழிப்பறைக்குத் தனியாக எழுந்து போனபோது விழுந்தார், இப்போது அந்த நேரத்துக்கு முன்பே ஒருவர் போய் அழைத்துச் செல்கிறார், கட்டிலின் உயரத்தைக் குறைத்திருக்கிறோம், தூக்க மாத்திரை தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம்" என்பதுபோல் பதில் வந்தால் அங்கே நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது. "சம்பந்தப்பட்ட ஊழியரைக் கண்டித்தோம்" என்பதோடு நின்றுவிட்டால், அடுத்த முறை அந்த ஊழியர் விஷயத்தை மறைப்பாரே தவிர வேறெதுவும் மாறாது.

அடுத்தது மருந்து. மாத்திரையை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தபிறகே கொடுத்தவர் கையொப்பமிட வேண்டும். பிற்பகல் 2 மணிக்கு நீங்கள் அங்கே நிற்கும்போதே மருந்து ஏட்டின் இரவு 8 மணிக் கட்டத்தில் கையொப்பம் விழுந்திருந்தால், அந்த இல்லத்தின் எந்த ஏட்டையும் நம்ப வேண்டாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கான ஏடும் அப்படித்தான்: இரவு முழுவதற்குமான வரிகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால், அவை விடியற்காலையில் உட்கார்ந்து நிரப்பப்பட்டவை என்று எங்களைப் போன்றவர்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். படுக்கைப் புண் ஒரே நாளில் வெடித்துத் தோன்றுவதில்லை. தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் நிற்பதுதான் அதன் முதல் நிலை. கருத்த மேனியில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் சூடும் தடிப்பும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இடுப்பின் அடிப்பகுதியையும் குதிகாலையும் தினமும் பார்ப்பவர் யார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். "எல்லோரும் பார்ப்பார்கள்" என்றால் யாரும் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எடையும் மாதந்தோறும் எழுதப்பட வேண்டும். ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ, ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ குறைந்தால் அது வயதின் இயல்பல்ல; காரணம் கண்டுபிடிக்கப்பட வேண்டும்.

மறுமொழி 2 (கட்டடத் தீப் பாதுகாப்பு ஆய்வாளர்)

மேலே செவிலியர் அம்மா எழுதியவற்றோடு கட்டடத்தைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். தீ விபத்தில் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது நெருப்பைவிடப் புகைதான். எழுந்து நடக்க முடியாதவர்கள் நிறைந்த ஒரு மாடியில் எல்லோரையும் படிக்கட்டு வழியாகக் கீழே இறக்குவோம் என்ற திட்டம் காகிதத்தில் மட்டுமே நடக்கும். நல்ல இல்லங்களில் ஒவ்வொரு தளமும் தீத்தடுப்புக் கதவுகளால் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தீப்பிடித்த பகுதியில் இருப்பவர்களை முதலில் அதே தளத்தின் அடுத்த பகுதிக்கு நகர்த்திக் கதவை மூடிவிட்டால், மேற்கொண்டு செய்ய வேண்டியதற்கு அவகாசம் கிடைக்கும். காற்றோட்டத்துக்காக அந்தக் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருப்பதை நான் போகிற இடங்களில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த நாற்காலி நிற்கும்வரை அங்கே தடுப்பு என்று எதுவுமே இல்லை. நீங்கள் நடந்துபோகும்போது இதைக் கவனியுங்கள்.

தீயணைப்பு ஒத்திகை நடந்ததா என்று கேட்பது போதாது. இரவுப் பணியில் எத்தனை பேர் இருப்பார்களோ அத்தனை பேரை மட்டும் வைத்து நடந்ததா என்று கேளுங்கள். பகலில் சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், அலுவலகத்தார் எல்லோரும் ஓடிவந்து கைகொடுக்கும் ஒத்திகையால் நள்ளிரவைப் பற்றி ஒன்றும் தெரியாது. மறதி நோயாளிகள் தாமாக வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகக் கதவைப் பூட்ட வேண்டிய தேவை இருக்கலாம். அந்தப் பூட்டு தீ எச்சரிக்கை ஒலித்ததும் தானாகவே விடுபட வேண்டும், பணியில் இருக்கும் எவரும் சாவியைத் தேடாமல் திறக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

சுடுநீரையும் பார்க்கச் சொல்கிறேன். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி ஏறக்குறைய 20 முதல் 45 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பெருகுவதால், தொட்டியில் நீரை 60 பாகையில் வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதே 60 பாகை நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்; உணர்வு குறைந்த முதியவர் சுடுகிறது என்று உணர்ந்து விலகுவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே குளியல் குழாய்க்கு முன்பாக வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து, வெளிவரும் நீரை 44 பாகைக்கு மேல் போகாமல் நிறுத்தும் வால்வு வேண்டும். குளிப்பாட்டும் முன் வெப்பமானியால் அளந்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள்.

மறுமொழி 3 (தந்தையை இல்லத்தில் சேர்த்தவர்)

முன்னறிவிப்பில்லாமல், இரவு உணவு நேரத்தில் போய்ப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. ஊட்டிவிடுபவர் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, ஒரு வாய் விழுங்கியபின் அடுத்த வாய் கொடுக்கிறாரா, அல்லது நின்றுகொண்டே இரண்டு பேருக்கு மாறி மாறித் திணிக்கிறாரா என்பதில் அந்த இல்லத்தின் ஆள் பற்றாக்குறை முழுவதும் தெரிந்துவிடும். அழைப்பு மணி படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். என் தந்தை முன்பு இருந்த இடத்தில் மணியின் கயிறு கட்டிலுக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முறையிட்டபோது வாய்மொழியாக வருத்தம் தெரிவித்தார்களே தவிர, எழுத்தில் பதில் தரவில்லை. புகாருக்கு எத்தனை நாளில் எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்கும் என்பதைச் சேர்க்கும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் இல்லத்தில், அம்மா இரவில் எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார் என்பதற்காகக் கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பி போடுவதற்கும், தேவைப்பட்டால் அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பதற்கும் முன்கூட்டியே என்னிடம் கையொப்பம் கேட்கிறார்கள். அவருடைய பாதுகாப்புக்காகத்தானே என்று நினைத்துக் கையொப்பமிடலாமா?

மறுமொழி 4 (செவிலியர் கண்காணிப்பாளர்)

பொத்தாம்பொதுவான அந்தப் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம் என்பதே என் கருத்து. எழுந்து நடக்கும் வலுவும் குழப்பமும் ஒருசேர உள்ளவர்கள் கம்பியைத் தாண்டித்தான் இறங்கப் பார்ப்பார்கள்; அப்போது விழுவது கட்டிலின் உயரத்திலிருந்து அல்ல, கம்பியின் உயரத்திலிருந்து. மெத்தைக்கும் கம்பிக்கும் இடையில் தலையோ கழுத்தோ சிக்கி உயிரிழந்தவர்களும் உண்டு. அமைதிப்படுத்துவதற்காக மனநோய்க்கான மருந்துகளை மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இலும் 2008-இலும் எச்சரித்திருக்கிறது. மற்ற வழிகள் பலிக்காமல், அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், மருத்துவர் நேரில் பார்த்து, குறைந்த அளவில், எப்போது நிறுத்துவது என்ற தேதியோடு எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம்.

இரவில் அவர் ஏன் எழுகிறார் என்று அவர்களிடம் கேளுங்கள். சிறுநீர் கழிக்கவா, வலியா, பசியா, சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா என்று பார்க்காமல் கம்பியையும் மருந்தையும் பற்றிப் பேசுகிறவர்கள், இரவில் ஆள் போதவில்லை என்பதைத்தான் உங்களிடம் வேறு விதமாகச் சொல்கிறார்கள். தரையோடு தாழும் கட்டில், அதன் பக்கத்தில் விரிக்கும் மெத்தை, எழுந்தால் ஒலிக்கும் உணர்வி, கழிப்பறை வரை மங்கலான விளக்கு ஆகியவை அங்கே உண்டா என்று விசாரியுங்கள். படிவத்தில் கையொப்பமிடாவிட்டால் சேர்க்க முடியாது என்று சொன்னால் வேறு இல்லம் பாருங்கள்.